மகஜரிலிருந்து செய்திக்கு: புளியங்குளத்தை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1

வன்னியின் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் நீர்நிலைகளின் பெயர்களாகும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஓமந்தையைக் கடந்தவர் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எனக் குளங்களின் பெயர்களையே ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொள்வார். காடு வெட்டி, குளங் கட்டி, குளத்தின் கீழ் வயல் திருத்தி, அதன் பின்னரே ஊரமைத்த ஒரு சமுதாயத்தின் வரலாறு இப்பெயர்களிற் பொதிந்து கிடக்கிறது. ஆயின் பத்திரிகை வாசகர் ஒருவரிடம் 'புளியங்குளம்' என்னும் சொல் அவர் நினைவில் எவ்வாறு பதிந்துள்ளது என்று வினவினால், அவர் குளத்தையோ வயலையோ கூறமாட்டார். 1997 மே மாதத்தில், வவுனியாவிலிருந்து வடக்கே தரைப்பாதை திறக்கும் நோக்குடன் தொடங்கப்பட்ட 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கையில் மாதக்கணக்காகப் போர் நடந்த முனை என்பார். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னர் வீதி திறக்கப்பட்டபோது, விடுதலைப் புலிகளின் சோதனைச் சாவடி அமைந்திருந்த இடம் என்பார். கைப்பற்றப்படவேண்டிய இடமாகவும் கடந்து செல்லப்படவேண்டிய இடமாகவும் அவ்வூர் பலமுறை அச்சேறியுள்ளது. மனிதர் வாழும் இடமாக அது அச்சேறியது மிகக் குறைவு.

இக்குறை பத்திரிகைகளை மட்டும் சார்ந்ததன்று. கடந்த அரை நூற்றாண்டில் ஈழத்துத் தமிழ்ப் பகுதிகளைப் பற்றிப் பெருந்தொகையான மனித உரிமை அறிக்கைகள் எழுதப்பட்டுள்ளன. கைது, சித்திரவதை, காணாமற் போதல், இடப்பெயர்வு ஆகியன பற்றிய அவ்வெழுத்துக்கள் இல்லையாயின் எமது அண்மைக்கால வரலாற்றின் பெரும்பகுதி மறுக்கப்பட்டிருக்கும். எனினும் அவ்வறிக்கைகளிலும் ஊர் என்பது சம்பவம் நிகழ்ந்த இடம் மாத்திரமே. சம்பவத்திற்கு முதல் நாள் அவ்வூர் எவ்வாறிருந்தது, மறுநாள் எவ்வாறு உயிர்த்தது என்பன அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றன.

சிவில் உரிமைப் பணியிலிருந்து சுயாதீனமான ஊர்ப் பத்திரிகைப் பணிக்குச் செல்லுதல் என்பதைச் சிலர் தொழில் மாற்றமாகக் கருதுவர்; சிலர் களைப்புற்றோரின் பின்வாங்கலாகக் கருதுவர். இவ்விரு கருத்துக்களும் மேலோட்டமானவை. அது அடிப்படையில் ஓர் எழுத்து வகையிலிருந்து மற்றோர் எழுத்து வகைக்குப் பெயர்தலாகும். அப்பெயர்ச்சியில் எழுதுவோன் யாரை விளித்து எழுதுகிறான் என்பது மாறுகிறது. இம்மாற்றத்தை ஈழத்தில் முயன்றோர் எவ்வளவு தூரம் சென்றனர், எங்கே நின்றுவிட்டனர் என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

தமிழிற் 'கேள்' என்னும் வினையடிக்கு மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. வேண்டுதல் ஒன்று, வினாதல் மற்றொன்று, செவிமடுத்தல் பிறிதொன்று. உதவி கேட்பதும், கேள்வி கேட்பதும், கதை கேட்பதும் ஒரே சொல்லால் உணர்த்தப்படுகின்றன. இம்மூன்றனுள் எதனை முதன்மைப்படுத்துகிறது என்பதைக் கொண்டு ஓர் எழுத்தின் இயல்பை நாம் இனங்காணலாம்.

எமது கிராமங்களிற் பொதுக்காரியத்தில் ஈடுபட்ட எவரும் முதலிற் பயிலும் எழுத்து வடிவம் மகஜர் ஆகும். குளத்தின் துருசு பழுதடைந்துவிட்டது எனக் கொள்வோம். கமக்காரர் அமைப்பு கூடித் தீர்மானித்து, அரசாங்க அதிபருக்கு ஒரு மகஜர் வரையும். விளிப்பு, குறையின் விவரம், 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்' என்னும் முடிபு, அதன் கீழே நூறு கையொப்பங்கள். இவ்வடிவத்தில் எழுதுவோர் பலர், வாசிப்பவர் ஒருவர். அவ்வொருவர் அதிகாரமுடையவர். அவர் அசையவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லும் தெரிந்தெடுக்கப்படுகிறது. அவர் மனங்கோணக்கூடிய உண்மைகள் மென்மையாக்கப்படும். குளத்து நீரை மேட்டுப் பக்கத்துக்கு இறைத்துக்கொண்ட எம்மூர்ப் பெரியவரின் பெயர் அங்கு வராது. ஏனெனில் மகஜரில் ஊர் ஒருமுகமாக நிற்றல் வேண்டும்.

அதே துருசைப் பற்றி எழுதும் செய்தியாளன் வேறு வினாக்களோடு வருவான். துருசு எப்போது உடைந்தது? திருத்துவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதா? ஒதுக்கப்பட்டதாயின் ஒப்பந்தம் யாருக்கு? வேலை எதுவரை நடந்தது? எத்தனை ஏக்கரில் சிறுபோகம் கைவிடப்பட்டது? நீர் யாருக்குச் சென்றது? யாருக்குச் செல்லவில்லை? இங்கு எழுதுபவன் ஒருவன், வாசிப்போர் பலர். அவ்வாசகருள் அரசாங்க அதிபரும் இருக்கலாம். ஆயின் அவர் பலருள் ஒருவர். முதல் வாசகர் அதே குளத்தின் கீழ் வயல் செய்பவர். அவருக்குக் குளத்தைப் பற்றி எழுதுவோனை விட அதிகம் தெரியும். எனவே மிகைப்படுத்தலையோ பொய்யையோ அவர் மறுநாட் காலையிலேயே சந்தியிற் கண்டுபிடித்துவிடுவார்.

மனித உரிமை அறிக்கை என்பது பெருமளவிற்கு மகஜரின் வளர்ச்சியடைந்த வடிவமே. அரசாங்க அதிபரின் இடத்தில் நீதிமன்றமோ சர்வதேச மன்னிப்புச் சபையோ ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவையோ வந்தமர்கின்றது. கையொப்பங்களின் இடத்தில் சாட்சியங்கள் வருகின்றன. இதனாற் கூறவந்தது அவ்வறிக்கைகள் பயனற்றவை என்பதன்று. அவை 'வேண்டுதல்' என்னும் பொருளிற் கேட்கும் எழுத்துக்கள் என்பதும், வினாதலும் செவிமடுத்தலும் அங்கு வேண்டுதலுக்குத் துணையாகவே நிற்கின்றன என்பதுமே இங்கு வற்புறுத்தப்படுவது.

3

இந்த வேறுபாட்டை மனங்கொண்டு ஈழத்து அனுபவத்தை நோக்குவோம். 1971 ஏப்பிரிற் கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய முறையும் தென்னிலங்கையிற் சிவில் உரிமைகள் பற்றிய பிரக்ஞையைத் தோற்றுவித்தன. அதே ஆண்டிற் சிவில் உரிமைகள் இயக்கம் அமைக்கப்பட்டது. சூரியா விக்கிரமசிங்க, ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க முதலியோர் அதனுடன் இணைந்து நின்றனர். 1979 யூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலையும் பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'மேர்ஜ்' என வழங்கப்பட்ட அவ்வியக்கத்தில் வண. போல் காஸ்பர்ஸ், சார்ள்ஸ் அபேசேகர போன்றோர் முன்னின்றனர். 1979 இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த கைதுகள், சித்திரவதைகள், மரணங்கள் பற்றி அது வெளியிட்ட அறிக்கை அக்காலத்தின் துணிச்சலான ஆவணங்களுள் ஒன்று.

தமிழ்ப் பகுதிகளில் இதே காலத்தில் நடந்த பணி வேறு வகையினது. 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த தமிழ் அகதிகளுக்கு வன்னி புகலிடமாயிற்று. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாவை மையமாகக் கொண்டு அவர்களைக் குடியமர்த்தியது. புளியங்குளத்திலிருந்து கிழக்கே நெடுங்கேணிக்குச் செல்லும் வீதி அக்குடியேற்றங்கள் பலவற்றின் உயிர்நாடியாக விளங்கியது. நெடுங்கேணிக்கும் அப்பாலுள்ள டொலர், கென்ற் பண்ணைகளிலும் இவ்வகதிகள் குடியேற்றப்பட்டனர். 1983 ஏப்பிரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதாகினர். 1983 யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984 இல் பண்ணைகளிலிருந்த தமிழர் வெளியேற்றப்பட்டு, அங்கே சிறைக்கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 இல் விடுதலைப் புலிகள் அங்கிருந்தோரைப் படுகொலை செய்தனர்.

இவையெல்லாம் நூல்களிலும் அறிக்கைகளிலும் பதிவாகியுள்ளன. ஆயின் அப்பண்ணைகளில் 1978 இலும் 1980 இலும் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர்? தேயிலைக் கொழுந்து பறித்த கை காட்டு நிலத்தை எவ்வாறு பழகிக்கொண்டது? பழைய ஊரவரும் புதிதாய் வந்தோரும் ஒருவரையொருவர் எவ்வாறு ஏற்றனர், எங்கே ஏற்க மறுத்தனர்? இவற்றைக் கிழமைதோறும் எழுதிவைக்க வவுனியா வடக்கில் ஓர் ஊர்ப் பத்திரிகை இருக்கவில்லை. எனவே அம்மக்கள் முதலில் 'அகதிகள்' என்னும் எண்ணிக்கையாகவும், பின்னர் 'வெளியேற்றப்பட்டோர்' என்னும் எண்ணிக்கையாகவுமே எம்மை வந்தடைகின்றனர்.

4

உரிமைப் பணியிலிருந்து பத்திரிகைக்குப் பெயர்ந்த முயற்சிகளுள் முதலில் ஆராயவேண்டியது யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சற்றடே றிவியூ' என்னும் ஆங்கில வார இதழாகும். 1977 இன் அகதிகளுக்காகத் தோன்றிய புனர்வாழ்வு அமைப்பிற் பெரும்பங்காற்றிய சட்டத்தரணி க. கந்தசாமி அதன் தோற்றத்துக்குக் காரணராய் நின்றார். எஸ். சிவநாயகம் ஆசிரியரானார். பத்திரிகை வெளிவரத் தொடங்கியது 1982 இல். அதற்கு முந்திய ஆண்டு, 1981 மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுசன நூலகமும், 1959 முதல் வெளிவந்துகொண்டிருந்த 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டன என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். நூலும் பத்திரிகையும் எரிந்த நகரில், அகதிகளுக்கு உணவும் கூரையும் தேடிய ஒருவர் பத்திரிகையை அடுத்த தேவையாகக் கண்டமை ஆழ்ந்த அரசியல் அறிவின் வெளிப்பாடாகும். நிவாரணம் வழங்குவோனுக்கு ஒரு கட்டத்தில் இவ்வறிவு தவிர்க்கவியலாது வந்துசேரும். தான் கண்டதைப் பிறர் அறியாதவரை தான் ஆற்றும் பணி முடிவற்றது என்பதே அது.

1983 யூலையில் அவசரகால விதிகளின் கீழ் அப்பத்திரிகை முடக்கப்பட்டது. பின்னர் காமினி நவரத்தின என்னும் சிங்களப் பத்திரிகையாளரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்து, அரசின் செயல்களையும் ஆயுத இயக்கங்களின் செயல்களையும் ஒருங்கே கண்டிக்கத் துணிந்த அவரது ஆசிரியப் பணி தனியே ஆராயப்படவேண்டியது. 1987 அக்டோபர் 10 இல் இந்திய இராணுவம் 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தது. 'சற்றடே றிவியூ'வும் அவ்வாண்டோடு ஓய்ந்தது. 1988 யூனில் கந்தசாமி யாழ்ப்பாணத்திற் கடத்தப்பட்டுக் கொலையுண்டார். தமிழர் நலனுக்காக உழைத்த அவரைக் கடத்தியோர் தமிழர்களே என்பது எமது வரலாற்றின் கசப்பான பக்கம்.

இத்தகைய ஒரு முயற்சியை விமர்சிக்கும்போது அடக்கம் வேண்டும். எனினும் விமர்சனம் அஞ்சலியாகிவிடுதலும் ஆகாது. 'சற்றடே றிவியூ'வுக்கு இடம் இருந்தது, துணிவு இருந்தது, மொழி இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அப்பத்திரிகை கொழும்பையும் தூதரகங்களையும் வெளிநாட்டையும் நோக்கிப் பேசியது. அன்றைய நிலையில் அது தேவையாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் தலையாய வாசகர் இன்னும் அதிகாரமுடையோரே. வடிவம் பத்திரிகையாயினும் உள்ளே மகஜரின் குரல் முற்றாக நீங்கவில்லை. புளியங்குளத்துக் கமக்காரர் அதன் பொருளாகலாம், வாசகராதல் இயலாது.

5

இரண்டாவது முயற்சி 'சரிநிகர்'. மேலே குறிப்பிட்ட மேர்ஜ் இயக்கமே 1990 இல் இதனைத் தொடங்கியது. பாரதியின் சொல்லைப் பெயராகக் கொண்ட இத்தமிழ் இதழ், உரிமை இயக்கமொன்று நேரடியாகப் பத்திரிகையாக உருமாறியமைக்கு எம்மிடையே உள்ள மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது தமிழிற் சுயாதீனமான விவாதக் களமாக விளங்கியது. அரசின் போரைக் கண்டித்த அதே பக்கங்களில், 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை, மலையக மக்களின் தனித்துவம், சாதி, பெண்ணிலைவாதம் ஆகியன தயக்கமின்றி விவாதிக்கப்பட்டன. 1997 இல் அதில் வெளிவந்த கலாவின் 'கோணேஸ்வரிகள்' என்னும் கவிதை எழுப்பிய வாதப் பிரதிவாதங்களை இங்கு நினைவுகூரலாம். ஒரு கவிதையைப் பற்றி ஒரு சமுதாயம் அவ்வளவு கொதித்தமைக்கு, அக்கவிதை செய்திக்கு அருகில் அச்சிடப்பட்டிருந்தமையும் ஒரு காரணம் எனலாம்.

'சரிநிகர்' மொழியைப் பெற்றது, சுயாதீனத்தைப் பெற்றது, ஆனால் இடம் கொழும்பாக அமைந்தது. இது ஆசிரியர்களின் குற்றமன்று. தொண்ணூறுகளில் வன்னிக்கும் தெற்குக்கும் இடையே வீதி அடைபட்டிருந்தது. 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் புளியங்குளத்தைக் கடந்து கிளிநொச்சியை மீண்டும் அடைந்தது 2013 இலேயே. போர்ச் செய்திகள் மீது தணிக்கையும் விதிக்கப்பட்டது. பத்திரிகையாளர் போர்முனைக்குச் சுயமாகச் செல்ல முடியவில்லை. இந்நிலையில் வன்னியைப் பற்றி எழுதுதல் என்பது அங்கிருந்து வந்தோர் கூறியதை எழுதுதலாயிற்று. விவாதம் செழித்தது; நேரிற் கண்டெழுதுதல் மெலிந்தது. வன்னி பற்றிய கருத்து மிகுந்து, வன்னி பற்றிய செய்தி குறைந்த ஒரு காலம் அது.

இதற்கு நேர்மாறான நிலை வன்னியினுள்ளே இருந்தது. விடுதலைப் புலிகளின் நிருவாகத்தின் கீழ் வெளிவந்த 'ஈழநாதம்' வன்னி மண்ணிலேயே அச்சிடப்பட்டது. இடப்பெயர்வுகளுக்கும் எறிகணைகளுக்கும் நடுவே, போரின் இறுதிக் கட்டம் வரை அச்சு இயந்திரத்தைத் தூக்கிச் சென்று பத்திரிகை நடத்திய தொழிலாளரின் உழைப்பை எவரும் சிறுமைப்படுத்த முடியாது. ஊரின் மரணங்களும் குறைகளும் அதில் தமிழிலேயே, ஊரவர் வாசிக்கவென்றே வந்தன. ஆயின் ஆள்வோர் நடத்தும் பத்திரிகையில் ஆள்வோரைப் பற்றிய வினா எழ முடியாது. பிள்ளையை இயக்கத்திற்குக் கட்டாயமாகப் பறிகொடுத்த தாயின் குரலுக்கு அங்கே பத்தி இருக்கவில்லை.

இவ்வாறு மூன்று பத்திரிகைகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. சுயாதீனமான ஊர்ப் பத்திரிகைக்கு இடம், மொழி, சுயாதீனம் என மூன்று கூறுகள் வேண்டும். முதலாவதற்கு மொழி இல்லை; இரண்டாவதற்கு இடம் இல்லை; மூன்றாவதற்குச் சுயாதீனம் இல்லை. மூன்றையும் ஒருசேரப் பெற்ற பத்திரிகையைப் போர்க்கால வன்னி காணவில்லை.

6

மூன்று கூறுகளுள் மிகக் கடினமானது சுயாதீனமே. உரிமைப் பணியிலிருந்து வருவோனுக்கு அது இருமடங்கு கடினம். எதிரியிடமிருந்து சுயாதீனமாயிருத்தல் அவனுக்குப் பழகிய காரியம். தன்னைச் சார்ந்தோரிடமிருந்து சுயாதீனமாயிருத்தலே அவன் புதிதாகப் பயிலவேண்டியது.

இவ்விடத்தில் எமது பல்கலைக்கழகம் ஒன்றின் அனுபவமே எமக்கு ஆசானாகிறது. 1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சிலர் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கினர். அவர்கள் எழுதிய 'முறிந்த பனை'யும் பின்னர் தொடர்ந்த அறிக்கைகளும் பெயரளவில் மனித உரிமை அறிக்கைகளாயினும், ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகச் சென்று கேட்டெழுதிய முறையால் ஊர்ச் செய்தியின் நுட்பத்தை எட்டின. இலங்கை இராணுவம், இந்திய இராணுவம், தமிழ் இயக்கங்கள் என எவரையும் அவை விலக்கவில்லை. 1989 செப்டெம்பர் 21 இல் அவ்வாசிரியர்களுள் ஒருவரான ராஜனி திராணகம யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வமைப்பின் அரசியல் முடிபுகளோடு உடன்படாதோர் பலர் உளர். உடன்பாடின்மை வேறு, அவர்கள் கேட்டெழுதிய முறையின் பெறுமதி வேறு.

பிற நாட்டு அனுபவங்களும் இதனையே உணர்த்துகின்றன. ஆந்திரத்தில் சிவில் உரிமைக் கழகத்திற் பல்லாண்டுகள் உழைத்த கே. பாலகோபால், அரச வன்முறையைக் கண்டிப்போர் நக்சலைட்டுகளின் வன்முறையையும் கேள்விக்குட்படுத்தவேண்டும் என்னும் நிலைப்பாட்டினால் அதிலிருந்து விலகி, 1998 இல் மனித உரிமை மன்றத்தைத் தோற்றுவித்தார். சோவியத் நாட்டில் 1968 இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமை ஆண்டாக அறிவித்த அவ்வாண்டிலேயே, உரிமைச் செயற்பாட்டாளர் சிலர் 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு' என்னும் தட்டச்சு இதழைத் தொடங்கினர். நதால்யா கொர்பனேவ்ஸ்கயா அதன் முதல் ஆசிரியர். அவ்விதழின் சிறப்பு இரண்டு பண்புகளில் அமைந்தது. ஒன்று, கொதிப்பில்லாத, வசைச்சொல் கலவாத வறண்ட நடை. மற்றது, முன்னைய இதழ்களில் நேர்ந்த பிழைகளை அடுத்த இதழ்களில் வெளிப்படையாகத் திருத்திக்கொண்டமை. சிறை வாயிலில் நின்று எழுதுவோர், தமது பிழையைத் தாமே அறிவித்தனர். மகஜர் தன் பிழையைத் திருத்திக்கொள்வதில்லை. திருத்தினால் அதன் வேண்டுதல் வலுவிழக்கும். செய்தியோ திருத்துவதாலேயே வலுப்பெறுகிறது. ஓர் உரிமைப் பணியாளன் பத்திரிகையாளனாகிவிட்டானா என்பதை அறிய வேறு சோதனை வேண்டியதில்லை. 'சென்ற இதழில் நாம் எழுதியது தவறு' என்று எழுத அவன் கை உடன்படுகிறதா என்று பார்த்தாற் போதும்.

7

போர் 2009 இல் முடிந்தது. வன்னியின் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டுப் பின்னர் கட்டங்கட்டமாக மீளக்குடியேறினர். வீதி திறந்திருக்கிறது, புகையிரதம் புளியங்குளம் வழியே ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சிடப்படும் நாளிதழ்கள் சந்திக் கடைகளை வந்தடைகின்றன. ஆயின் அவற்றில் வவுனியா வடக்கு எப்போது இடம்பெறுகிறது? 2024 மார்ச்சில், சிவராத்திரி நாளன்று, நெடுங்கேணிப் பகுதியிலுள்ள வெடுக்குநாறி மலையில் வழிபாட்டுக்குச் சென்றோர் கைதானபோது நாடே அப்பெயரை அறிந்தது. அவர்கள் விடுதலையானதும் கவனம் வேறிடம் சென்றது. கைது நடந்த நாளில் மட்டும் ஊருக்கு வரும் பத்திரிகை, பெயரில் எதுவாயினும், இயல்பில் மனித உரிமை அறிக்கையின் சுருக்கமே.

ஊர்ச் செய்தி என்பது கைதுக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட நாட்களின் வரலாறு. வயலுக்குள் யானை இறங்குவதும், வனவளத் திணைக்களம் நட்ட எல்லைக்கல் ஒருவரின் பழைய தோட்டத்தினுள் நிற்பதும், மலையகத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துக்குக் காணி உத்தரவுப்பத்திரம் கிடைத்ததா என்பதும், பாடசாலையிற் கணித ஆசிரியர் இல்லாமையும், நுண்கடன் தவணைக்காரர் வரும் நாளில் பெண்கள் வீடு பூட்டிச் செல்வதும் அதன் பொருள்கள். இவற்றுட் பல உரிமைப் பிரச்சினைகளே. ஆயின் 'உரிமை மீறல்' என்னும் தலைப்பின் கீழ் வரும்போது அவை வழக்காகின்றன. ஊர்ச் செய்தியாக வரும்போது வாழ்க்கையாகின்றன.

இப்பொருள்கள் சிறியன, ஆகவே ஆபத்தற்றன என எண்ணுதல் தவறு. 2020 அக்டோபர் 12 இல், முல்லைத்தீவு மாவட்டத்தின் முறிப்புப் பகுதியிற் சட்டவிரோதமாக மரம் வெட்டப்படுவதைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற 2 ஊர்ச் செய்தியாளர்கள் தாக்கப்பட்டனர். அவர்கள் போர்க்குற்றத்தை ஆராயச் செல்லவில்லை. காட்டு மரத்தைப் பற்றி எழுதச் சென்றனர். 2000 அக்டோபர் 19 இல், ஊரடங்கு வேளையில் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டினுள்ளேயே கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன் முதல், எமது செய்தியாளர் வரிசை நீண்டது. கொழும்பில் எழுதுவோனுக்குத் தொலைவு ஓரளவு கவசமாகும். ஊரில் எழுதுவோன் தான் எழுதியவரையே மறுநாள் கடையிலும் கோவிலிலும் சந்திக்கிறான். அவன் வீடு எதுவென எல்லோரும் அறிவர்.

பொருளாதாரம் மற்றோர் இடர். எமது நாளிதழ்கள் பலவற்றை மரண அறிவித்தல்களும் வியாபார விளம்பரங்களும் தாங்கி நிற்கின்றன. ஒரு சந்தியையும் சில குளங்களையும் சுற்றிய வட்டாரத்தில் விளம்பரம் தரக்கூடியோர் சிலரே. அவர்களே பெரும்பாலும் ஒப்பந்தகாரராகவும் இருப்பர். உதவி நிறுவனங்களின் பணத்தை நாடினால், அந்நிறுவனங்களின் அறிக்கை மொழி மீண்டும் பத்திரிகைக்குள் நுழையும். இயக்கத்தின் வெளியீடாக நடத்தினால் இயக்கத்தின் ஆயுளே பத்திரிகையின் ஆயுள். இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூடப் பகுதியில், எழுத்தறிவுப் பணியிலிருந்து 2002 இற் பிறந்த 'கபர் லஹரியா' இவ்விடர்களோடு போராடி நிலைத்தமை எமது கவனத்திற்குரியது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிராமப் பெண்கள் தம் பேச்சுமொழியாகிய பந்தேலியில் அதனை எழுதினர். இடமும் மொழியும் சுயாதீனமும் ஒன்றுகூட முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. அங்கே எழுதியோரும் வாசித்தோரும் ஒரே கிணற்றில் நீரெடுக்கப் போராடியவர்கள்.

8

இங்கு இரு ஆட்சேபங்கள் எழக்கூடும். உரிமைப் பணியாளனுக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் உண்டு, அவன் எவ்வாறு நடுநிலைச் செய்தியாளனாவான் என்பது ஒன்று. பக்கமற்ற மனிதன் எங்குமில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரம் அமர்ந்து நடத்திவரும் போராட்டத்தைக் கண்டும் உள்ளம் சாயாதவன் நல்ல செய்தியாளனாதல் அரிது. சாய்வு குற்றமன்று, சாய்வுக்கேற்பச் செய்தியை வளைத்தலே குற்றம். அத்தாய்மாரிடையே எழுந்த கருத்து வேறுபாடுகளையும் மரியாதையோடு எழுதக்கூடியவனே அவர்களின் உண்மையான நண்பன்.

போராட வேண்டிய காலத்திற் செய்தி எழுதிக்கொண்டிருத்தல் தப்பியோடுதல் அல்லவா என்பது மற்றது. இதற்கு விடை எமது சட்டப்புத்தகத்திலேயே உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிரசை ஒருவர் அரச அலுவலகத்திடம் எழுத்தில் வினவினால், 14 வேலை நாட்களுக்குள் அவ்வலுவலகம் தன் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். துருசு திருத்த ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கேட்கும் அவ்விண்ணப்பத்தையும், துருசைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்ளும் மகஜரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. ஒன்றில் அது குனிந்து நிற்கிறது. மற்றதில் நிமிர்ந்து நிற்கிறது. வேண்டுதலாகிய கேட்டல் வினாதலாகிய கேட்டலாக மாறும் அக்கணமே, நாம் இதுவரை பேசிவந்த பெயர்ச்சியின் தொடக்கம்.

மூன்றாவது பொருளாகிய செவிமடுத்தலே எஞ்சி நிற்பது. அதிற் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. புளியங்குளத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் மாணவர் எமது விரிவுரை மண்டபங்களுக்கு வருகின்றனர். இங்கு வந்து நாம் அவர்களுக்குப் பயிற்றுவிப்பது பெரும்பாலும் தம் ஊரைத் தூரத்திலிருந்து நோக்கும் மொழியையே. இக்கட்டுரையும் அத்தூரத்து மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒரு மாணவி, தன் குளத்தின் கீழ் இவ்வாண்டு காலபோகம் எத்தனை ஏக்கரில் விதைக்கப்பட்டது, யாருக்கு நீர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டெழுதி, அதனை நான்கு பக்கங்களில் அச்சிட்டுச் சந்திக் கடையில் வைப்பாளாயின், மறுநாட் காலை அங்கே ஒரு முதியவர் அதனை வாசித்துவிட்டு, 'பிள்ளை, ரண்டாவது வரி பிழை' என்பார்.

அம்முதியவருக்காகவே அவள் எழுதவேண்டும்.